இரண்டு மழைக்கு நடுவே ஒரு வண்டி

நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே உள்ள ஊர்களில் மழைக்கென்று ஒரு பருவத்தை ஒதுக்கிவிட முடியாது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் மேற்கிலிருந்து வந்து இறங்கும். அது ஓய்ந்து சுவர்கள் காய்வதற்குள் ஐப்பசி பிறந்து, துலாவர்ஷம் மலைப்பக்கமிருந்து சாயங்கால இடியோடு வரும். கார்த்திகை தாண்டியும் சில ஆண்டுகளில் விடாது. நடுவில் சித்திரை வைகாசியில் கோடை மழை வேறு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் குறைவாகப் பெய்யும் மாவட்டங்களில் திருவனந்தபுரமும் ஒன்று. ஆனால் வடக்கே கண்ணூர்க்காரர் மழையைப் பெரும்பாலும் ஒரே மூச்சில் வாங்குகிறார், இங்கே நாங்கள் இரண்டு தவணையாக வாங்குகிறோம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் விளைந்த மண் இது. பாறசாலையிலோ செங்கலிலோ காரோட்டிலோ ஒருவர் ஆசைப்பட்டு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, ‘மழையில் எடுக்கமாட்டேன்’ என்று முடிவு செய்தால், ஆண்டில் பாதி நாள் அதை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார் என்றே பொருள்.

பணக்காரர்களின் கவலை என்று இந்தக் கேள்வியை ஒதுக்க எனக்கு மனமில்லை. இந்தக் கேரள-தமிழக எல்லையோர ஊர்களில் இப்படியொரு வண்டி எப்படி வருகிறது என்பதைப் பார்த்தால் யாருக்கும் ஒதுக்க மனம் வராது. எழுபதுகளிலிருந்து இங்குள்ள வீடுகள் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அப்பா போனார், பிறகு மகன் போனான். அடுத்தவர் ஓட்டும் போர்ஷேயையும் ஃபெராரியையும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த ஆண்டுகள் அவர்களுக்கு உண்டு. அவர்களில் வெகு சிலர், தொழில் கைகூடி, வயது நாற்பதைத் தாண்டிய பிறகு, பழையதோ புதியதோ ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த வண்டிக்குள் இருப்பது ஒரு மனிதர் தன் இளமையைக் கொடுத்து வாங்கிய ஒன்று. அதன் மேல் முதல் துளி விழும்போது அவருக்கு நெஞ்சு பதறுவதை நான் மதிக்கிறேன்.

அந்தப் பதற்றத்தின் ஒரு பகுதி வளைகுடாவிலிருந்தே வந்தது. துபாயில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாகப் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. காரைப் பற்றி அங்கே கற்றுக்கொள்வதெல்லாம் வெயிலும் மணலும்தான். 2024 ஏப்ரல் 16 அன்று ஓராண்டு மழைக்கும் மேலாக ஒரே நாளில் பெய்தபோது, விமான நிலையத்தில் மட்டும் பதினான்கு சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. விலையுயர்ந்த கார்கள் நெடுஞ்சாலையிலேயே கைவிடப்பட்டு நீரில் நின்றதை உலகம் பார்த்தது. அவ்வளவு மழை ஒரே நாளில் பெய்வது நம் பக்கமும் அரிதுதான், ஆனால் யாரும் கேள்விப்படாத ஒன்றல்ல. அந்தப் படங்களைப் பார்த்தவர் ஊருக்கு வந்து வண்டியைக் கார் ஷெட்டுக்குள் விட்டு, மேலே கவர் போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி விடுகிறார். இனி மழை தொடாது என்று நிம்மதி அடைகிறார்.

அந்த நிம்மதியைத்தான் நான் நம்பவில்லை.

ஆடி மாதத்தில் இந்த ஊர்களில் ஒரு மரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். மூடியே வைத்திருந்த வேட்டியில் கரும்புள்ளி படர்ந்திருக்கும். தோல் செருப்பில் பச்சையாகப் பூசணம் பூத்திருக்கும். மழை நேராக நனைக்காததையெல்லாம் காற்றில் இருக்கும் ஈரம் நனைத்துவிடுகிறது. காருக்கும் அதுதான் நடக்கிறது. கவருக்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்டின் மேலேயே உட்கார்கிறது. நாளாவட்டத்தில் பெயின்ட் கொப்புளம் விடுகிறது. பிரேக் டிஸ்கில் துரு படிகிறது. கை பிரேக் போட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது. இருக்கைத் தோல் பூசணம் பிடிக்கிறது. எலி வந்து வயரைக் கடிக்கிறது. பாறசாலையிலிருந்து பொழியூர்க் கடற்கரை தொலைவில்லை. மேல்காற்று அடிக்கும் மாதங்களில் உப்பும் சேர்ந்து வருகிறது. இரும்பு துருப்பிடிக்கத் தேவையானவை நீரும் ஆக்ஸிஜனும். உப்பு அந்த வேலையை முடுக்கிவிடுகிறது. ஷெட்டுக்குள் மூன்றுமே தாராளமாகக் கிடைக்கின்றன.

இதற்கு மருந்தாக எல்லோரும் செய்வது ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒருமுறை ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் பண்ணி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிடுவது. அந்த எஞ்சின் சத்தம் வீட்டுக்காரருக்கு ஆறுதலாக இருக்கும். வண்டிக்கு அது கெடுதல். பெட்ரோல் எரியும்போது புகை மட்டும் வருவதில்லை, நீரும் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறினால் அந்த ஆவி வெளியே போய்விடும். சூடேறும் முன் அணைத்துவிட்டால் சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து நீராகித் தேங்கும். கொஞ்சம் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். மழைக்குப் பயந்து மூடிவைத்த வண்டிக்குள் வாரம் தவறாமல் நாமே மழை பெய்விக்கிறோம். இப்போது விற்பனையாகும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு சிக்கல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை கொண்டது. டாங்கில் மாதக்கணக்கில் நின்றால், நீர் அளவு மீறும்போது எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய வண்டியின் இரும்பு டாங்குக்கு இது நஞ்சு.

“ஓடுற வண்டி கெடாதுண்ணே, நிக்கிற வண்டிதான் கெடும்.” மார்த்தாண்டம் பக்கத்து வொர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் இதையே மலையாளத்தில் சொல்வார்கள், அங்கேயும் ‘அண்ணா’ என்று கூப்பிட்டுத்தான். இந்தப் பேச்சுக்குப் பின்னால் எவ்வளவு அனுபவம் இருக்கிறது என்பது, நின்றுபோன வண்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்டவர்மா 2013 டிசம்பரில் மறைந்தார். அவர் உயிராக நேசித்த வண்டி, ஐம்பதுகளில் வாங்கிய ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் 180. பதிவெண்ணில் 42 என்றிருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, நான்கு கதவுள்ள அமைதியான வண்டி. ஆனாலும் நம் கேள்விக்கு அதைவிட நெருங்கிய சான்று திருவிதாங்கூரில் எனக்குத் தெரிந்து இல்லை. எத்தனையோ புது வண்டிகள் வாங்கும் வசதி இருந்தும் அவர் அதை விடவில்லை. அந்த வண்டி அவரோடு லட்சக்கணக்கான மைல் ஓடியது. அந்த எண்ணிக்கையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். திருவிதாங்கூர் மண்ணில் மழை பார்த்து நின்ற வண்டி லட்சக்கணக்கான மைல் ஓடியிருக்க முடியாது. வெயிலிலும் இடவப்பாதியிலும் ஓடி, ஒவ்வொரு முறையும் துடைக்கப்பட்டு, அடுத்த நாள் மறுபடி ஓடித்தான் அந்தத் தொலைவு சேர்ந்திருக்கும். ஒரு பொருளை நேசிப்பதென்றால் அதோடு வாழ்வது என்று அந்த முதியவர் எடுத்துக்கொண்டார் போலும். எனக்கு அது சரியென்றே படுகிறது.

இதே சாலையில் இதைவிடப் பழைய சாட்சி ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டுச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். மன்னர் சுவாதித் திருநாள் காலத்திலிருந்து நடக்கும் வழக்கம். சரஸ்வதி யானை மேல், குமாரசுவாமி வெள்ளிக் குதிரை மேல், நங்கை பல்லக்கில். பத்மநாபபுரம் அரண்மனையில் அரச உடைவாள் கைமாறும். முதல் இரவு குழித்துறை, மறுநாள் களியக்காவிளையில் எல்லை தாண்டும்போது கேரளத்தின் வரவேற்பு, பிறகு பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் இரண்டாம் இரவு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு ஒரு மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை இன்னொரு மாநிலத்துக்கும் போன பிறகும் இந்தப் பயணம் நிற்கவில்லை. நான் சொல்லவருவது காலத்தைப் பற்றி. புரட்டாசியில், ஒரு மழை முடிந்தும் முடியாமலும் அடுத்த மழை தொடங்கியும் தொடங்காமலும் இருக்கும் நாட்களில், இந்த நாட்டின் மிக மதிப்புள்ள மூன்று திருமேனிகள் இதே சாலையில் வருகின்றன. பஞ்சாங்கம் பார்த்துத்தான் புறப்பாடு, வானம் பார்த்து அல்ல. போற்றும் பொருளை வெளியே எடுப்பதும் போற்றுதலின் பகுதி என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சாலையோரம் நிறைபறையும் நிலவிளக்குமாக நின்று பழகிய பாடம்.

ஆகவே எடுக்கலாம் என்கிறேன். ஆனால் எப்படி எடுப்பது என்பதில்தான் வண்டிக்காரரின் தகுதி தெரியும்.

முதலில் வண்டி எந்த ஆண்டில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். எழுபதுகளின் பல இத்தாலியக் கார்களுக்கு மழை உண்மையிலேயே எமன். 1980இல் பிரிட்டனில் லான்சியா பீட்டா கார்களில் எஞ்சினைத் தாங்கும் சட்டமே துருவில் இற்றுப்போய், நிறுவனம் வண்டிகளைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. அதே எழுபதுகளின் நடுவில் போர்ஷே தன் 911 காரின் உடலை முழுக்கத் துத்தநாகம் பூசிய எஃகில் செய்யத் தொடங்கியது. முந்தைய வகை வண்டி வைத்திருப்பவர், அடிப்பகுதிக்குள் மெழுகு செலுத்தி, கதவுக்குக் கீழே உள்ள நீர்வடி துளைகளில் இலையும் மண்ணும் அடைக்காமல் பார்த்துக்கொண்டால் ஒழிய எடுக்காமலிருப்பது நல்லது. பிந்தைய வகை வைத்திருப்பவருக்கு அந்தச் சாக்கு இல்லை.

அடுத்தது டயர். பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரையும், இந்தப் பக்கம் அருமனை, குலசேகரம் வரையும் ரப்பர்த் தோட்டங்கள். மழைக்காலத்தில் பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்குப் போகாமல் மரத்தில் வழிந்து வீணாகும். அதனால் இடவப்பாதிக்கு முன்பே மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பாவாடை கட்டி, பசை பூசி, மழையிலும் வெட்டுகிறார்கள். மழைக்கு முன்னேற்பாடு செய்துகொண்டு வேலைக்குப் போவது எப்படி என்று அறிய நம்மவர்கள் வேறு எங்கும் போக வேண்டாம். கார் டயரின் மேல்பரப்பு இன்று பெரும்பாலும் செயற்கை ரப்பர். ஈரச் சாலையில் பிடிப்பதற்காக அதில் சிலிக்கா சேர்க்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மிஷலின் கொண்டுவந்த மாற்றம் அது. ஆனால் எவ்வளவு நல்ல டயரும் வயதானால் இறுகிவிடும். ஷெட்டிலேயே நின்ற வண்டியின் டயரில் பட்டன் தேயாமல் புதிதுபோல் இருக்கும், அதுதான் ஏமாற்றும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அந்த டயரோடு அமரவிளைப் பாலத்தில் மழையில் பிரேக் போட வேண்டாம்.

நீர்மேல் டயர் மிதப்பதைப் பற்றி நாசாவில் வால்டர் ஹார்ன் என்பவர் அறுபதுகளில் விமான டயர்களை வைத்து ஒரு கணக்குச் சொன்னார். டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது அது. முப்பது பி.எஸ்.ஐ. காற்றடித்த, தேய்ந்த டயர், தேங்கிய நீரில் மணிக்கு ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டரில் சாலையை விட்டு எழும்பிவிடும். அதன் பிறகு ஸ்டியரிங்கும் பிரேக்கும் நம் கையில் இல்லை. ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் அகலம், எடை குறைவு. அகன்ற டயர் அந்த நீரை ஒதுக்கித் தள்ளத் திணறும். முன்னூறு குதிரைச்சக்தி அந்த நேரத்தில் எதற்கும் உதவாது. பெருமழை கொட்டிக்கொண்டிருக்கும்போதைவிட, பல நாள் வெயிலுக்குப் பிறகு முதல் தூறல் விழும் கால்மணி நேரம் இன்னும் வழுக்கும்: சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வருகின்றன. துலாவர்ஷம் தொடங்கும் சாயங்காலங்களில் இதை எதிர்பார்க்கலாம்.

பந்தயக்காரர்களே மழைக்கு வணங்குகிறார்கள். 2023 டிசம்பரில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடக்கவிருந்த ஃபார்முலா 4 பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் இறுதியில்தான் நடந்தது.

காற்றும் டயரும் சரி, சாலை? இங்கேதான் எனக்குக் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளை போகும் பழைய நெடுஞ்சாலை குறுகலானது. இரு பக்கமும் கடைகள், நடக்க இடமில்லை. கே.எல். 19, கே.எல். 20, டி.என். 75 பதிவு வண்டிகளெல்லாம் ஒரே வரிசையில் முட்டிக்கொண்டு போகும். மழை விட்ட நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். சீருடையும் குடையுமாகப் பிள்ளைகள் ஓரத்தில் வரிசையாக வருவார்கள். பூவாறு, பொழியூர்ப் பக்கமிருந்து மீன் கொண்டுவந்த பெண்கள் பாத்திரத்தைத் தலையில் வைத்தபடி பஸ்ஸுக்கு நிற்பார்கள். தாழ்வான, அகன்ற டயருள்ள வண்டி அங்கே கொஞ்சம் வேகமாகப் போனாலும் செந்நீர் இடுப்பளவு எழும்பும். நடந்துபோகிறவர் மேல் சேற்றுநீர் தெறிக்கவைப்பது ஜப்பானில் சாலைச் சட்டப்படியே குற்றம். நமக்குச் சட்டம் எதற்கு? அந்தப் பிள்ளைக்கு நாளைக்கும் அதே சீருடைதான். மழைக்காலத்தில் ஒரு இரவில் அது காயாது. வண்டி நனைவதைப் பற்றி இத்தனை கவலைப்படும் ஒருவர், அந்தப் பிள்ளை நனைவதைப் பற்றி அதே அளவு கவலைப்பட்டால்தான் இந்தச் சாலையில் மழையில் எடுக்க உரிமை உள்ளவர் என்று நான் சொல்வேன்.

வேகமாக ஓட்டித்தான் தீர வேண்டும் என்றால் புறவழிச் சாலை இருக்கிறது. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை வரும் அந்தச் சாலையின் தென்பகுதி, முக்கோலையிலிருந்து காரோடு வரை, கேரளத்தின் முதல் கான்கிரீட் தேசிய நெடுஞ்சாலை. தார்ச்சாலையில் விழுவதுபோல் அதில் குழி விழுவதில்லை. மேற்பரப்பின் கோடுகள் நீரை வடித்துவிடுகின்றன. ஞாயிறு காலையில், தூறல் விழுந்துகொண்டிருக்க, எண்பதுக்கு மேல் போகாமல், கண்ணாடியில் வைப்பர் ஒரே கதியில் போய்வர, அந்தச் சாலையில் இரு பக்கமும் தென்னையும் வாழையும் கழுவிவிட்டதுபோல் நிற்பதைப் பார்த்தபடி ஓட்டுவது இந்த மண்ணில் ஒரு வண்டிக்காரருக்குக் கிடைக்கும் பெரிய இன்பம். வெயில் நாளில் இந்தப் பச்சை கிடைக்காது. குளிர்ந்த, ஈரமான காற்றைக் குடித்த எஞ்சின் பாடுவதும் வேறு மாதிரிதான். அந்த இன்பத்துக்காகத்தானே வாங்கினீர்கள்?

எடுக்கவே கூடாத நாட்களும் உண்டு. 2021 நவம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்தபோது நெய்யாற்றின்கரைப் பக்கம் தேசிய நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் பகுதி இடிந்தது. பாறசாலைப் பக்கம் ரயில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. அப்படிப்பட்ட நாளில் சாலை ஆம்புலன்சுக்கும் மண் அள்ளும் வண்டிக்கும் உரியது. தேங்கிய நீரின் ஆழம் தெரியாத இடத்திலும் அப்படியே. ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் காற்றிழுக்கும் வாய் தாழ்வாக இருக்கும். நீர் உள்ளே போனால், காற்றைப்போல நீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது அதோடு இணைந்த கம்பி வளையும். வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாமல் தள்ளி ஓரங்கட்ட வேண்டும். சாதாரண இன்ஷூரன்ஸ் இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. எஞ்சினுக்குத் தனியாகப் பாலிசி சேர்த்திருக்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியதை நான் வண்டிக்காரரின் சந்தியாவந்தனம் என்றே எண்ணுகிறேன். வீட்டுக்குள் நுழையும் முன் கடைசிக் கொஞ்ச தூரம் மெல்ல பிரேக் அழுத்தியபடி வந்தால் டிஸ்க் சூடேறி ஈரம் பறந்துவிடும். கிணற்று நீரை நிதானமாக விட்டு சக்கர வளைவுக்குள் அப்பிய செம்மண்ணைக் கழுவ வேண்டும்; ஈரத்தைப் பல நாள் பிடித்துவைத்திருப்பது அந்த மண்தான். கதவையும் டிக்கியையும் பானெட்டையும் திறந்து விளிம்புகளைத் துணியால் ஒற்ற வேண்டும். காலடி மிதியடிகளை எடுத்து வெளியே போட வேண்டும். ஒரு மேசை விசிறியை ஓடவிட்டு, கை பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கவர் போடாமல் இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். மறுநாளும் மழை என்றால் மறுநாளும் எடுக்கலாம். ஆனால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டினால்தான் ஆயிலில் சேர்ந்த ஈரம் வெளியேறும், அதனால் காப்பிப்பொடி வாங்கச் சந்திப்பு வரை போய்வருவதற்கு மட்டும் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.